திருப்பி அடிக்காத குடை

முந்தின நாள் சாயங்காலம் மாப்பிள்ளை ஒரு கைக்கு ஒன்றாக இரண்டு குடையைப் பிடித்துக்கொண்டு மழையில் தெருமுனை வரை போய் வந்திருந்தார். எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து, "ஏன் சார், ஒன்னு பத்தலையா?" என்று கேட்டாராம். அந்த இரண்டு குடைகளும்தான் மறுநாள் காலை வாசல் நடையில் ஈரம் போக விரிந்து கிடந்தன. இரண்டும் கறுப்பு. இரண்டும் ஒரே துணிச் சுருளில் வெட்டியவை. கம்பெனிப் பெயரோ வேறு அடையாளமோ இரண்டிலும் கிடையாது.

மாப்பிள்ளை ஒற்றைச் செருப்பை மாட்டிக்கொண்டு, இன்னொன்றைக் காலால் துழாவியபடி, வாயில் ஒரு சிவப்பு நூலைக் கடித்துக்கொண்டு நின்றார். குடைகளை மடக்கி இரண்டு அக்குளிலும் இடுக்கியிருந்தார். அவருடைய மச்சான் மாடிப்படித் திருப்பத்தில் காத்திருந்தான்.

"மச்சான், ஒரு நிமிஷம்."

"உங்க ஒரு நிமிஷத்துக்குள்ள நான் மேல போய் ஒரு தூக்கம் போட்டுட்டு வந்துடலாம் மாப்பிள்ளை."

உள்ளேயிருந்து மச்சானின் தங்கை, மாப்பிள்ளையின் மனைவி, குரல் கொடுத்தாள். ஊருக்கெல்லாம் குடை வரைந்து கொடுக்கிற வீட்டில் ஒரு குடையாவது உருப்படியாக மடிகிறதா பார் என்று அண்ணனிடம் முறையிட்டாள். அவள் சொல்வதில் தப்பில்லை. கதவுக்குப் பின்னால் தடித்த ஆணி ஒன்றில் ஏழெட்டுக் குடைகள் தொங்கின. எல்லாம் மாப்பிள்ளை வரைந்து, செய்து பார்த்து, சரியில்லை என்று தள்ளியவை. ஒன்று விரியும், மடங்காது. ஒன்று மடங்கும், பிறகு அதன் இஷ்டத்துக்கு விரியும். அவளுக்கு அது 'வௌவால் பண்ணை'. அந்தக் குடைக் கொத்தினால் வாசல் கதவு முக்கால்வாசிதான் திறக்கும். அதற்குமேல் தள்ளினால் துணியில் மெத்தென்று முட்டி நின்றுவிடும். அரிசி மூட்டை தூக்கி வருகிறவர் தினமும் அல்ல, என்றைக்கோ ஒருநாள்தானே வருகிறார், அவர் ஒருக்களித்து வரட்டும் என்பது மாப்பிள்ளையின் வாதம்.

"நான் கடைக்குப் போறப்ப எதை எடுத்துக்கறது?" என்று கேட்டாள். மருந்துக் கடையில் அவளுக்கு வேலை.

"எதை வேணா எடுத்துக்கோ. இந்த வீட்ல இருக்கற குடை எல்லாம் உன்னுதுதான்."

"அதான் தெரியுமே. உருப்படாதது எல்லாம் என் தலையில."

மாப்பிள்ளை சிரித்தார். சிரித்ததில் நூல் வாயிலிருந்து விழுந்தது. குனிந்து எடுத்தார், அக்குளில் இருந்த குடைகள் இரண்டும் நழுவித் தரையில் விழுந்தன. ஒன்றை எடுத்து அதன் கைப்பிடியில் நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். மற்றதை ஆணியில் மாட்டினார். கதவைச் சாத்திவிட்டுப் படியிறங்கினார். அவ்வளவுதான். வேறு ஒன்றுமே நடக்கவில்லை.

அண்ணன் மாடியில் ஒற்றை அறையில் இருந்தான். கல்யாணம் கூடிவராத ஒண்டிக்கட்டை. சாப்பாடு தங்கை வீட்டில். மாப்பிள்ளையும் அவனும் ஒரே குடைக் கம்பெனியில்தான் வேலை பார்த்தார்கள். மாப்பிள்ளை வரைகிறவர். அவன் உடைக்கிறவன். யாராவது என்ன வேலை என்று கேட்டால் அப்படியேதான் சொல்வான், உடைக்கிற வேலை என்று. புதிதாக வரையப்படும் எந்தக் குடையும் கடைக்குப் போவதற்கு முன்னால் அவனுடைய மிஷினில் ஏறி இறங்கியாக வேண்டும்.

கைப்பைக்குள் அடங்குகிற சின்னக் குடையில் ஒரு துஷ்டத்தனம் உண்டு. அதன் தண்டு ஒன்றுக்குள் ஒன்று நுழைகிற குழாய்களால் ஆனது. உள்ளே நீளமாக ஒரு ஸ்பிரிங். பட்டனை அழுத்தினால் ஸ்பிரிங் குழாய்களை வெளியே தள்ளும், கம்பிகள் விரியும், குடை விரியும். மறுபடி அழுத்தினால் துணி மட்டும் சுருங்கும். தண்டு நீட்டியபடியே நிற்கும். அதை நாம்தான் இரண்டு கையாலும் பிடித்து, ஸ்பிரிங்கை எதிர்த்து, உள்ளே தள்ள வேண்டும். கடைசி வரை தள்ளினால் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். பாதியில் கை வழுக்கினால் போச்சு. அவ்வளவு நேரம் அடக்கிவைத்த கோபத்தையெல்லாம் சேர்த்துத் தண்டு திரும்பிப் பாயும்.

கல்யாணமான புதிதில் தங்கைக்கு அப்படி ஒன்று தாடையில் பட்டது. பஸ்ஸிலிருந்து இறங்கி, ஒரு கையில் பையோடு, மறுகையால் குடையை மார்பில் வைத்து அமுக்கப் பார்த்திருக்கிறாள். தாடைக்கடியில் இரண்டு தையல் போட்டார்கள். அது அவர் வரைந்த குடை இல்லை. ஆனாலும் மாப்பிள்ளை அந்தத் தழும்பைப் பார்க்கும்போதெல்லாம் தானே அடித்துவிட்ட மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதற்கப்புறம் கம்பெனியில் கொடுத்த வேலைகளுக்கு நடுவே அவர் விடாமல் பின்தொடர்ந்தது ஒரே விஷயத்தைத்தான். தண்டைப் பாதியில் விட்டாலும் அது விட்ட இடத்திலேயே நிற்க வேண்டும். கை வலித்தால் நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடி தள்ளலாம். கம்பெனியில் அதற்கு 'திருப்பி அடிக்காத குடை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வீட்டில் திருப்பி அடிக்க ஒருத்தி இருக்கும்போது குடை எதற்கு அடிக்க வேண்டும் என்று தங்கை சொல்வாள்.

இதுவரைதான் அண்ணனுக்குத் தெரியும். உள்ளே என்ன வைத்து அதைச் செய்கிறார் என்பது தெரியாது. தெரியக் கூடாது. மாதிரிக் குடையில் எது புதுசு என்று உடைக்கிறவனுக்குச் சொல்லக் கூடாது என்பது அங்கே பழைய சட்டம். தெரிந்தால் அவன் கை தன்னையறியாமல் அந்த இடத்துக்குச் சலுகை காட்டும். அதனால் வரைகிறவர் சோதனைக்குரிய குடைக்கு அடையாளமாகச் சிவப்பு நூல் மட்டும் கட்டிக் கொடுப்பார், இவன் வாங்கி மிஷினில் பூட்டுவான். குடையைத் திறந்து பார்க்க மாட்டான். தோற்றால் அப்படியே அலமாரியில் வைப்பான். பிரித்துப் பார்ப்பது வரைந்தவர் வேலை. ஒரே வீட்டில் சாப்பிடுகிற இரண்டு பேருக்கு இது பெரிய சோதனை. சாப்பிடும்போது மாப்பிள்ளைக்கு நாக்கின் நுனி வரை வந்துவிடும். கம்பெனி ரகசியத்தைச் சோற்றில் போட்டுப் பிசையாதீர்கள் என்று தங்கை அதட்டுவாள்.

அன்றைக்கு மிஷின் காலையிலேயே ஓட ஆரம்பித்தது. ஒரு கை பட்டனை அழுத்தும், இன்னொரு கை தண்டைப் பாதி வரை தள்ளி, விட்டு, ஒரு கணம் காத்திருந்து, மீதியைத் தள்ளும். அந்த ஒரு கணத்தில் தண்டு திரும்பிப் பாய்ந்தால் எதிரே உள்ள தகட்டில் இடிக்கும், சிவப்பு விளக்கு எரியும், மிஷின் நிற்கும். டக், டக், டக் என்று தடித்த சத்தத்தோடு குடை உள்ளே போய் வந்தது. மத்தியானத்துக்குள் விளக்கு எரிந்துவிட்டது. எண் பலகை இலக்கில் பாதியைக்கூடத் தாண்டவில்லை.

அந்த அறைக்கும் வரைகிறவர்கள் இருக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு கண்ணாடி. சாப்பாட்டு வேளையில் மாப்பிள்ளை அங்கே வந்து நின்று புருவத்தை மட்டும் உயர்த்தினார். முடிவை எழுதிக் கொடுக்கிற வரை வாய் திறக்கக் கூடாது என்பதும் சட்டம்தான். அண்ணன் நகர்ந்து நின்று முதுகால் விளக்கை மறைத்தான். அதோடு விட்டிருக்கலாம், கொஞ்சம் விளையாட்டாக, எதுவும் நடக்காதவன்போல் கூரையைப் பார்த்தான். மாப்பிள்ளை விரலை ஆட்டி, வீட்டுக்கு வா பார்த்துக்கொள்கிறேன் என்கிற மாதிரி சைகை காட்டிவிட்டுப் போனார்.

மதியத்துக்குமேல் நெஞ்சில் ஏதோ அடைக்கிறது, வாயுவாக இருக்கும் என்று பக்கத்து மேஜைக்காரரிடம் சொல்லிவிட்டு, சீக்கிரம் கிளம்பிப் போயிருக்கிறார். பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை கிடைத்திருக்கிறது. கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பிறகும் அவர் இறங்கவில்லை. தூங்குகிறார் என்று நினைத்துத்தான் கண்டக்டர் தோளைத் தொட்டாராம்.

அவரை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது கதவு இடம் கொடுக்கவில்லை. முன்னால் பிடித்திருந்தவர் ஒருக்களித்துப் பார்த்தார், முடியவில்லை. அண்ணன்தான் பின்பக்கம் கையை விட்டு, ஆணியிலிருந்த குடைகளை இரண்டு மூன்றாக அள்ளி எடுத்துச் சமையலறை மூலையில் போட்டான். கதவு சுவர் வரைக்கும் போய் இடித்தது. அந்த வீட்டில் அந்தக் கதவு அவ்வளவு தூரம் திறந்து அவன் பார்த்ததே இல்லை. எல்லாம் முடிந்து ஆட்கள் போன பிறகு தங்கை அந்தக் குடைகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி ஆணியில் மாட்டினாள்.

வேலைக்குத் திரும்பிய அன்று அவன் முதலில் செய்தது முடிவை எழுதியதுதான். தேறவில்லை என்று எழுதினான். தேறாததைத் தேறவில்லை என்றுதானே எழுத முடியும். மேனேஜரம்மா வாங்கிப் பார்த்துவிட்டு, இந்த வேலையை இத்துடன் மூடிவிடலாம், இதைத் தொடர ஆளும் இல்லை என்றார். அவர் நல்ல மனுஷி. சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை. தோற்ற குடை சிவப்பு நூலோடு அலமாரிக்குப் போனது. அதைப் பிரித்துப் பார்க்க வேண்டியவர் இல்லாததால் யாரும் பிரிக்கவில்லை.

தங்கை கேட்பாள் என்று தெரியும். சாப்பாடு போடும்போது கேட்டாள்.

"அது என்னாச்சு?"

"தேறலைம்மா."

"அவருக்குத் தெரியுமா?"

"சொல்லலை."

"நல்லதாப் போச்சு," என்று சொல்லிவிட்டுத் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். அவன் வேண்டாம் என்று கையை நீட்டியதை அவள் கவனிக்கவில்லை.

அந்த வருஷம் மழை விடுகிற வழியாக இல்லை. அவள் மருந்துக் கடைக்குத் திரும்பிப் போக ஆரம்பித்தாள். போகும்போது ஆணியில் முன்னால் தொங்கியதை எடுத்துக்கொள்வாள், வந்ததும் நடையில் விரித்து வைப்பாள். பேச்சு குறைந்துவிட்டது. முன்பெல்லாம் அவள் வாய் ஓய்ந்து அவன் பார்த்ததில்லை. இப்போது உப்பு வேண்டுமா என்பதைக்கூடக் கிண்ணத்தை நகர்த்தித்தான் கேட்டாள்.

ஒரு சாயங்காலம் அவன் சாப்பிட இறங்கி வந்தபோது அவளும் அப்போதுதான் படியேறி வந்தாள். ஒரு கையில் காய்கறிப் பை. பையைக் கீழே வைக்காமலே குடையைக் கதவுநிலையில் சாய்த்து, தண்டைக் கொஞ்சம் அமுக்கினாள், நிறுத்தினாள், பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள், மீதியை அமுக்கினாள். குடை அவள் நிறுத்திய இடங்களிலெல்லாம் சாதுவாக நின்றது. அண்ணன் முதலில் பார்த்தது அதை அல்ல. அவன் காதில் விழுந்தது சத்தம். டிக்டிக், டிக்டிக் என்று, கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிற மாதிரி நெருக்கமான, மெல்லிய சத்தம். மிஷினில் அரை நாள் அவன் கேட்டுக்கொண்டிருந்தது இது இல்லை.

"இது எது?" என்று கேட்டான்.

"எது எதுன்னா? குடை."

"எங்கேருந்து எடுத்த?"

"ஆணியில இருந்துதான். அன்னிக்கு அவர் மாட்டிட்டுப் போனாரே, அது."

அவன் வாங்கிப் பார்த்தான். தண்டை நீட்டி, விளக்கு வெளிச்சத்தில் குழாயின் வாய்க்குள் கண்ணை வைத்தான். உள்சுவரில் பல் பல்லாக ஒரு கோடு. அதில் பொருந்துகிற மாதிரி எஃகில் இரண்டு சின்ன நாக்குகள், ஒன்று மற்றதைவிட அரைப் பல் தள்ளி. ஒன்று பல்லில் உட்காரும்போது மற்றது அடுத்ததை எட்டிப் பார்க்கும். அதனால்தான் அந்தச் சத்தம். அதனால்தான் எங்கே விட்டாலும் நிற்கிறது.

மறுநாள் வேலைக்குப் போனதும், இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, தோற்ற குடை ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்துப் பிரித்தான். ஒற்றை நாக்கு. தேய்ந்து மொழுக்கென்று ஆகியிருந்தது. மேனேஜரம்மாவிடம் கேட்டு மாப்பிள்ளையின் கடைசி வரைபடத்தை வாங்கிப் பார்த்தான். அதில் நாக்கு இரண்டு. அன்று காலை இரண்டு குடையும் தரையில் விழுந்தபோது அவர் தப்பானதை எடுத்து நூலைக் கட்டியிருக்கிறார். தானே சரியில்லை என்று ஒதுக்கிய பழைய குடையைப் பரீட்சைக்கு அனுப்பிவிட்டு, நல்லதை வௌவால் பண்ணையில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். எது புதுசு என்று உடைக்கிறவனுக்குத் தெரிந்திருந்தால் பூட்டும்போதே கண்டுபிடித்திருப்பான். தெரியக் கூடாது என்பதுதான் சட்டமாயிற்றே.

இன்னொரு மாதிரி செய்து கொடுக்க முடியுமா என்று மேனேஜரம்மாவைக் கேட்டான். அந்த நாக்குகளை மாப்பிள்ளை தன் கையாலேயே அரத்தால் அராவிப் பதம் பார்த்துச் செய்திருந்தார். மூடிவிட்ட வேலைக்கு மறுபடி ஆள் போட மேலிடத்தில் சம்மதிக்க மாட்டார்கள் என்றார் மேனேஜரம்மா. இருக்கிற அந்த ஒன்று மிஷினில் தேறினால் மட்டும் தன்னால் பேச முடியும். கொண்டுவந்தால் ஏற்றிக்கொள்ளலாம்.

வீட்டில் அவன் எல்லாவற்றையும் சொன்னான். தங்கை நின்றபடியே கேட்டாள். பிறகு உட்கார்ந்தாள்.

"அப்ப தோத்தது அவரோடது இல்ல."

"அவரோடதுதான். பழசு."

"மிஷின்ல போட்டா என்ன பண்ணுவ?"

"இலக்கு வரைக்கும் ஓட்டுவேன். இல்லைன்னா உடையற வரைக்கும்."

"தேறுச்சுன்னா?"

"கடைக்கு வரும். ஊர்ல எல்லார் கையிலயும் இருக்கும்."

தேறாவிட்டால் என்ன என்று அவள் கேட்கவில்லை. குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கைப்பிடியை ஈரம் துடைக்கிற மாதிரி விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, கோபமே இல்லாத குரலில், "மிச்சம் இருக்கறது இது ஒன்னு. அதையும் உன் மிஷினுக்குத்தான் குடுக்கணுமா?" என்றாள். அவன் குடுக்க வேண்டாம் என்றான். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தான். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை, மூடினது மூடினதாகவே இருக்கட்டும் என்றான்.

இரண்டு மூன்று நாள் அவள் அதை எடுத்துக்கொண்டுதான் போய் வந்தாள். ஒருநாள் காலையில் அவன் படியிறங்கியபோது வாசலில் நின்றாள். குடையைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தாள். தையல் பெட்டியிலிருந்து எடுத்த சிவப்பு நூல் கைப்பிடியில் கட்டியிருந்தது. முடிச்சு மாப்பிள்ளையின் முடிச்சைவிட இறுக்கமாக இருந்தது.

"அவர் அன்னிக்குக் குடுக்க நெனச்சது இதைத்தானே," என்றாள். "குடுத்துடு."

மிஷின் ஓட ஆரம்பித்தது. டிக்டிக், டிக்டிக். முந்தின குடை விழுந்த எண்ணை அது மத்தியானமே தாண்டிப் போனது. கூடத்தில் செய்தி பரவிவிட்டது. யாருடைய குடை என்று எல்லோருக்கும் தெரியும். ஆளுக்கொரு சாக்கு சொல்லிக்கொண்டு கண்ணாடியருகே வந்து நின்றார்கள். பக்கத்து மேஜைக்காரர் டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்க மறந்துபோய் நின்றார். சாயங்காலம் மிஷினை நிறுத்திப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனான். தங்கை அவன் முகத்தைப் பார்த்தாள். அவன், "இன்னும் ஓடுது," என்றான். அவள் அன்று அவனுக்குப் பிடித்ததாகப் பார்த்துச் சமைத்திருந்தாள்.

மறுநாள் பிற்பகல், இலக்குக்குக் கொஞ்சம்தான் பாக்கி இருந்தபோது, சத்தம் மாறியது.

டிக்டிக் என்று வந்துகொண்டிருந்தது டக் என்று ஆனது. விளக்கு எரியவில்லை. தண்டு பாயவில்லை. மிஷின் நிற்கவுமில்லை. பாதியில் விட்டால் குடை முன்போலவே நின்றது. மறுபடி தள்ளினால் போனது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடி வழியாகச் சத்தம் போகாது. அந்தச் சத்தத்தைக் கேட்டவன் உலகத்தில் அவன் ஒருத்தன்தான். உள்ளே ஒரு நாக்கு உடைந்துவிட்டது. இன்னொன்று தனியாகத் தாங்கிக்கொண்டிருந்தது.

அது கடைசி வரை தாங்கியது. எண் பலகை இலக்கைத் தொட்டு, மிஷின் தானாக நின்றது. மேனேஜரம்மா கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். கூடத்தில் யாரோ கை தட்டினார்கள்.

"தேறிடுச்சு போல," என்றார்.

"திறந்து பாத்துட்டுச் சொல்றேம்மா."

"விளக்கு எரியலையே. திறக்கறது உங்க வேலை இல்லைன்னு நீங்கதானே எல்லாருக்கும் சட்டம் சொல்லுவீங்க." சிரித்தபடிதான் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவர் பேரைச் சொல்லிக்கிட்டு ஒன்னு வெளிய வரட்டுமே," என்றார்.

திறப்பது வரைகிறவர் வேலை. வரைகிறவர் இல்லை. எழுதிக் கொடுத்துவிட்டு அவன் வீட்டுக்குப் போகலாம். சட்டமே அவன் பக்கம் நின்றது. தங்கை வாசலிலேயே நிற்பாள் என்று நினைத்தான். உடைந்த துண்டு குழாய்க்குள் எங்கேயோ கிடக்கிறது என்றும் நினைத்தான். அது பல்லுக்கும் நாக்குக்கும் நடுவே போய்ச் சிக்கி, நாக்கின் பிடி விட்டுப்போகும் நாள் மழை நாளாகத்தான் இருக்கும். அந்தக் குடையைப் பிடித்திருப்பவள், இது திருப்பி அடிக்காது என்று நம்பி, ஒரு கையில் பையோடு, அதைத் தாடைக்கு நேராக வைத்துத்தான் அமுக்குவாள்.

மேனேஜரம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதே திருகாணியைக் கழற்றித் தண்டைக் கவிழ்த்தான். வெட்டிய நகத்துணுக்கு மாதிரி ஒன்று மேஜையில் விழுந்தது. சத்தமே வரவில்லை. அவர் அதைப் பார்த்தார். அவன் எழுதுவதற்குப் பேனாவைத் தேடினான். சட்டைப்பையிலேயேதான் இருந்தது.

வீட்டுக்குப் போனபோது நினைத்தபடியே அவள் வாசலில் நின்றாள். உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் சொன்னான்.

"ஒரு நாக்கு உடைஞ்சுடுச்சு."

"இன்னொன்னு?"

"அது தாங்கிச்சு. முடியற வரைக்கும் தாங்கிச்சு."

"அப்ப தேறுச்சா?"

"இல்லைம்மா."

அவள் அவன் கையிலிருந்த குடையை வாங்கினாள். "நீ சொல்லலைன்னா யாருக்காவது தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது."

அவள் விரல் தாடைக்கடியில் போயிற்று. எதையாவது யோசிக்கும்போது அந்த இடத்தைத் தடவுவது அவளுக்குப் பழக்கம், அவளுக்கே தெரியாது. அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

"அவர் இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பார்?" என்று கேட்டாள்.

"திறந்து பாத்திருப்பார். உடைஞ்ச துண்டை உள்ளங்கையில வெச்சு வெளிச்சத்துல உருட்டியிருப்பார். அப்புறம், மச்சான், அடியில மூலையை இவ்ளோ கூரா விட்டிருக்கக் கூடாது, கொஞ்சம் வளைவாக் குடுக்கணும்னு சொல்லிட்டு அராவ உக்காந்திருப்பார். அடுத்த மழைக்குள்ள தேறியிருக்கும்."

"அதான் உனக்கே தெரியுதே. நீ அராவேன்."

"எனக்கு உடைக்கத்தான் தெரியும்."

அவள் குடையை விரித்தாள். மடக்கினாள். தண்டைப் பாதி தள்ளிக் கையை எடுத்தாள். டக் என்று நின்றது. அவளுக்கும் வித்தியாசம் கேட்டிருக்க வேண்டும். தலையைக் கொஞ்சம் சாய்த்தாள். மீதியையும் தள்ளி, துணியைச் சுற்றிப் பட்டையை மாட்டினாள். சிவப்பு நூலை அவிழ்க்கவில்லை.

"அதை வெளிய எடுத்துட்டுப் போகாதே," என்றான்.

"ஏன், அடிக்குமா?"

"அடிக்கலாம்."

"அடிக்கட்டும். பழகின கைதானே."

எழுந்து போய் அதை ஆணியில், மற்றவற்றோடு மாட்டினாள். சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருந்தது. மாடியில் ஜன்னலைச் சாத்தாமல் வந்துவிட்டது அவனுக்கு நினைவு வந்தது; தூறல் போட ஆரம்பித்திருந்தது. போய்ச் சாத்திவிட்டு வருகிறேன் என்று எழுந்து கதவைத் திறந்தான். கதவு முக்கால்வாசி போய், குடைகளில் மெத்தென்று முட்டி நின்றது.